வாசல் வரைக்கும் தார்

ஆலங்குடியிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் எங்கள் நிறுத்தத்துக்கு ஊர்ப் பெயர் கிடையாது. "தார் ரோட்டு வீடெல்லாம் எறங்குங்க" என்றுதான் கண்டக்டர் குரல் கொடுப்பார். பஸ் வருகிற சாலையும் தார்தான். ஆனால் கேட்டிலிருந்து போர்டிகோ வரைக்கும், தென்னைகளுக்கு நடுவே, தனியாகத் தார் போட்ட வீடு அந்தப் பக்கத்தில் எங்களுடையது ஒன்றுதான். நடந்தால் ஒரு சினிமாப் பாட்டின் பல்லவி முடிகிற தூரம். மற்றவர்கள் சிமெண்டு போட்டார்கள், கல் பதித்தார்கள், செம்மண்ணை அப்படியே விட்டார்கள். என் வீட்டுக்காரர் தார் போட்டார்.

அவர் வளைகுடாவில் ரோடு ரோலர் ஓட்டியவர். நான் இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர் நிரந்தரமாக ஊருக்குத் திரும்பி வந்தபோது வீட்டுக்குச் சுற்றுச்சுவர் இல்லை, மோட்டார் ரூமுக்குக் கதவில்லை, அடுப்படியில் அலமாரி இல்லை. அவர் முதலில் போட்டது ரோடு.

என் தம்பிக்கு இது தாங்கவில்லை. அவன் புதுக்கோட்டை போகிற வழியில் பேவர் பிளாக் கம்பெனி வைத்திருக்கிறான். தெருவுக்கும் வாசலுக்கும் பதிக்கிற அந்தச் சிவப்பு, மஞ்சள், சாம்பல் சிமெண்டுக் கற்கள்தான்.

"மச்சான், நம்மகிட்ட இம்புட்டுக் கல்லு கெடக்கையில எதுக்கு மச்சான் தாரு? வெளிய தெரிஞ்சா என் யாவாரம் என்னாகுறது?"

"மாப்ள, ரோடுன்னா கறுப்பா இருக்கணும். செவப்பும் மஞ்சளுமா இருந்தா அதுக்குப் பேரு கேக்கு."

அன்றைக்கு ஆரம்பித்தது. நல்லது கெட்டது எதற்கு வந்தாலும் தம்பி கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, ரோட்டைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவான். "இன்னும் இருக்கு மச்சான்" என்பான். "ஒங் கல்லுதான் பேந்துக்கிட்டுப் போகும்" என்பார் இவர். அதற்குப் பிறகுதான் எனக்கு வணக்கம்.

புதிதாகப் போட்டபோது அழகாகத்தான் இருந்தது, சும்மா சொல்லக்கூடாது. மத்தியானத்தில் அடுப்புக்கல் மாதிரி கொதிக்கும். கடலை எடுக்கிற காலத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கேட்டு வாங்கிக் காயப் போட்டார்கள். செம்மண் களத்தைவிடச் சீக்கிரம் காய்கிறது என்று பேராகிவிட்டது. இவர் முதலில் "இது ரோடு, களமில்ல" என்று முறைத்தார். அப்புறம் யாராவது காயப் போடாமல் விட்டால், "ஏன், வேற எடம் பாத்துட்டாங்களா?" என்று என்னிடம் விசாரித்தார்.

தாருக்கும் வயதாகும். அதை இவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் கறுப்பு போய்ச் சாம்பல் நிறமானது. சொன்னேன். "வெயில்ல கெடந்தா வெளுக்கத்தான் செய்யும். ஒந் தலை வெளுக்கலையா?" என்றார். அடுத்து இரண்டு பக்கமும் ஓரம் உதிர ஆரம்பித்தது. யாரோ கடித்துவிட்டு வைத்த முறுக்குப் போல இருந்தது. "தென்னைக்குத் தண்ணி பாச்சுறது யாரு? நீதான?" என்றார். நடுவில் ஒரு குழி விழுந்தது. அதைக் குழி என்று சொல்லக்கூடாது, "சின்ன எறக்கம்." மழைக்குப் பிறகு அந்தச் சின்ன இறக்கத்தில் மைனாக்கள் குளித்தன. கேட்டுக்கு அருகில் நிற்கிற பலாமரம் வேரை ரோட்டுக்கு அடியில் நீட்டி ஒரு மேட்டை எழுப்பியது. அதற்கு அவர் வைத்த பெயர் ஸ்பீட் பிரேக்கர்.

போர்டிகோவுக்கு முன்னால் அவருடைய கார் நிற்கிற இடம்தான் மோசம். அது பழைய டீசல் கார். அதற்கும் அவருக்கும் உள்ள உறவைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. நின்ற இடத்தில் சொட்டிக்கொண்டே இருக்கும். டீசல் பட்ட தார் இளகிக் களி மாதிரி ஆகிவிடும். கால் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும். அவர் அந்தப் பக்கம் மட்டும் கண்ணைத் திருப்பவே மாட்டார்.

இந்த நிலைமையில்தான் விருந்து வந்தது. இவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணமாகி, பொண்ணு மாப்பிள்ளையைத் தாய்மாமன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்திருந்தோம். மாப்பிள்ளை திருச்சியில் வேலை பார்க்கிறவர். புதுக் கார். தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு ஓடுகிற ரகம். மாலையும் சந்தனமுமாக நாங்கள் போர்டிகோவில் நிற்கிறோம். கார் கேட்டுக்குள் திரும்பியது. பலாமரத்தடியில் வந்ததும் அடிவயிற்றில் கீறிக்கொண்டு ஒரு சத்தம். தகரத்தைத் தேங்காய்த் துருவியில் வைத்துத் தேய்த்தாற்போல. என் பல் கூசியது.

காரைப் போர்டிகோவில் கொண்டுவந்து நிறுத்தி மாப்பிள்ளை இறங்கினார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்து, "பரவாயில்ல மாமா" என்றார். அவ்வளவு மரியாதையாகச் சொன்னதுதான் இவரைக் கொன்றது. நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

பின் சீட்டில் இருந்து இறங்கிய மதினிக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. இவரைத் தூக்கி வளர்த்த அக்கா.

"ஏன்டா தம்பி, ஊருக்கெல்லாம் ரோடு போட்டவன் வீட்டு ரோடு இப்புடியா கெடக்கும்? நடந்து வந்தா நானே விழுந்துருவேன் போலருக்கு."

"அது வேருக்கா. பலா வேரு."

"அங்கிட்டு பல்லாங்குழி மாதிரி கெடக்கே, அதும் வேரா?"

அன்றைக்கு ஆட்டுக்கறிக் குழம்பு நன்றாக வந்திருந்தது. நான் செய்ததைப் பற்றி நானே சொல்லக்கூடாது, எல்லோரும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். இவர் மட்டும் எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பலாமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விருந்தாளிகள் கிளம்பும்போது மாப்பிள்ளை காரை ஓரமாக ஏற்றி, செம்மண்ணில் இறக்கி, மேட்டைச் சுற்றிக்கொண்டு போனார். அதையும் இவர் பார்த்தார்.

மறுநாளே வைத்தியம் ஆரம்பமானது. திருச்சிக்குப் போய் மூட்டை மூட்டையாக எதையோ வாங்கி வந்தார். சூடு பண்ண வேண்டியதில்லையாம், பிரித்துக் கொட்டிக் காலால் மிதித்தால் போதுமாம், தாரும் ஜல்லியும் கலந்தே வருமாம். குழிக்குள் கிடந்த மண், தேங்காய் நார், பலா இலை எல்லாவற்றின் மேலேயும் அதைக் கொட்டினார். மிதித்தார். என்னையும் மிதிக்கச் சொன்னார். ஸ்கூலுக்குப் போகிற சேலையோடு கொஞ்ச நேரம் மிதித்தேன்.

அந்த வாரக் கடைசியில் ஒரு மழை. குழிக்குள் போனதெல்லாம் மெல்ல வெளியே வந்து கேட் வரைக்கும் பரவிக் கிடந்தது. மைனாக்களுக்குப் பழைய இடமே கிடைத்தது.

அடுத்தது பூச்சு. வெடிப்பெல்லாம் மறைகிற மாதிரி கறுப்பாக எதையோ வாளியில் கரைத்து, விளக்குமாற்றை வைத்துக் கேட்டிலிருந்து போர்டிகோ வரை மெழுகினார். தூரத்திலிருந்து பார்த்தால் புது ரோடேதான். ஆசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் கோழி ஒன்று குறுக்கே நடந்து, போர்டிகோ ஏறி, வெள்ளை டைல்ஸில் ஹால் வரைக்கும் போய், டிவியைச் சுற்றித் திரும்பி வந்தது. அதன் கால் தடத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மறைந்த வெடிப்பெல்லாம் கொஞ்ச நாளில் மறுபடி வாயைத் திறந்தன.

தம்பி வந்து காலால் தட்டிப் பார்த்தான். தட்டிய இடம் பெயர்ந்து வந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

"எதாச்சும் சொல்லித் தொலை மாப்ள."

"நான் என்னத்தச் சொல்ல மச்சான். லாரியில கல்லு ஏத்தட்டுமா?"

"ஏத்துன, கேட்ட மூடிருவேன்."

எங்கள் ஊர்ச் சாலையில் அப்போது குழி அடைக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. இவர் தினமும் அங்கே போய் நின்றார். பால் வாங்கப் போனால் அங்கே, மருந்து வாங்கப் போனால் அங்கே. கடைசியில் ஒருநாள் அந்த வேலையை நடத்துகிற மேஸ்திரியைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். அவர் கீரனூர்ப் பக்கத்துப் பெண். என் வயதுதான் இருக்கும். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, வாய் நிறைய வெற்றிலை. ஊர் வேலை முடிந்ததும் தன் ஆட்களோடு வந்து செய்து தருவதாகப் பேச்சு.

அந்த அம்மா ரோட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் குதிகாலால் இடித்துக்கொண்டே நடந்தார். இவர் பின்னாலேயே போனார். டாக்டருக்குப் பின்னால் போகிற நோயாளி வீட்டுக்காரர் மாதிரி இருந்தது.

"யாரு போட்டதுண்ணே?"

"நாந்தான் நின்னு போட்டேன். வெளிநாட்டுல ரோடு வேலைதாம்மா எனக்கு."

"அங்க என்ன பண்ணுனீங்க?"

"ரோலர்."

"அதான. ரோலர் மேல உக்காந்து பாத்தா எல்லாம் சமமாத்தான்ணே தெரியும்."

நான் உள்ளே போய்விட்டேன். சிரிப்பதற்குத்தான்.

திரும்பி வந்தபோது அவர்கள் போர்டிகோ முன்னால் நின்றார்கள். "இது டீசலு தின்ன எடம். யாரு ஊத்துனா?" என்று மேஸ்திரியம்மா கேட்டார். இவர் கொஞ்சமும் யோசிக்காமல், "எம் மச்சினன் லாரி வந்து போகும்" என்றார். அதே நேரத்தில் கார் ஒரு சொட்டு விட்டது. அமைதியாக இருந்ததால் சத்தமே கேட்டது. மூன்று பேரும் காரைப் பார்த்தோம்.

வேலை ஆரம்பித்த அன்று நான் லீவு போட்டேன். பள்ளிக்கூடத்தில் காரணம் கேட்டார்கள். "வீட்டுல ரோடு வேலை" என்றேன். ஹெட்மாஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தோப்புக்குள் டிரம்மில் தார் கொதித்தது. மட்டையும் விறகும் எரிகிற புகையோடு அந்த வாடை ஊரையே கூட்டியது. மேஸ்திரியம்மா சுண்ணாம்புத் தூளால் குழியைச் சுற்றிக் கட்டம் போட்டார். குழி தட்டளவு, கட்டம் கட்டிலளவு. இவர் பதறிப்போனார்.

"என்னம்மா, இத்துனூண்டு குழிக்கு இம்புட்டுத் தோண்டுறீங்க?"

"சொத்தப் பல்ல அடைக்கையில டாக்டரு நல்ல எடம் தட்டுப்படுற வரைக்கும் ராவ மாட்டாராண்ணே? அப்புடித்தான். வழிய விடுங்க."

தோண்டினார்கள். மண்ணைக் கூட்டி எடுத்து, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, ஊதி ஊதிச் சுத்தம் செய்தார்கள். எங்கள் ஹாலைக்கூட நான் அப்படிக் கூட்டியதில்லை. அடியிலும் பக்கவாட்டிலும் தாரைத் தடவி, தகரத்தில் வறுத்த ஜல்லியோடு கொதிக்கிற தாரைப் புரட்டிக் கொட்டினார்கள். திமிசுக்கட்டையால் இரண்டு பேர் மாற்றி மாற்றி இடித்தார்கள். இடிக்கிற சத்தத்துக்குத் தோப்பில் ஒரு காக்கையும் உட்காரவில்லை.

ஒரு விஷயத்தில் இவர் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் ரோடு லேசாக உயர்ந்து இரண்டு பக்கமும் தண்ணீர் வழிய வேண்டும் என்றார். மேஸ்திரியம்மா, வீட்டு ரோட்டுக்கு அதெல்லாம் எதற்கு என்றார். இவர் போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து, அவர்கள் அப்போதுதான் முடித்திருந்த தார் ஒட்டின் மேல் ஊற்றினார். தண்ணீர் எங்கும் போகாமல் அங்கேயே நின்றது. மேஸ்திரியம்மா குனிந்து அதில் விரலை வைத்துப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "சரிதான்ணே, ஏத்திருவோம்" என்று ஆட்களைக் கூப்பிட்டார். இவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் வேண்டுமென்றே தென்னையைப் பார்த்தேன்.

பலா வேர்தான் பெரிய வழக்கு. வேரை வெட்டினால் மரம் சாய்ந்துவிடும் என்றார் மேஸ்திரியம்மா. மரத்தையே வெட்டிவிடலாமா என்று இவர் மெதுவாக ஆரம்பித்தார். நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன்: "வெட்டுங்க. அப்புறம் ஒங்களுக்குச் சமைக்க ஆளையும் பாத்துக்கங்க." ரோடு வளைந்தது. மரத்துக்குப் பணிந்து, ஒரு பக்கமாக ஒதுங்கி, புதிதாகச் சரளை போட்டு மெத்தி, தார் ஊற்றி, வளைத்துக் கொண்டுபோய்ப் பழைய ரோட்டில் சேர்த்தார்கள்.

தேத்தண்ணி நேரத்தில் எல்லோரும் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். மேஸ்திரியம்மா இவரைக் கேட்டார், "கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்கண்ணே. இந்தத் தோப்புக்குள்ள எதுக்குத் தாரு?"

இவர் டம்ளரை உருட்டிக்கொண்டே சொன்னார். "நான் அங்க போட்டதுல பாதி ரோடு பெரிய பெரிய வீடுகளுக்குப் போற ரோடும்மா. கேட்டுக்குள்ள நொழைஞ்சா வாசல் வரைக்கும் தாரு. போட்டு முடிச்சா நம்ம வண்டி வெளிய வந்துரணும். அப்புறம் அதுல கால வைக்க முடியாது. ஒரு மழைக்காலத்துல இவங்ககிட்ட போன் பேசுறேன். பஸ்ஸுக்குப் போகையில விழுந்துட்டேன், மொழங்கால்ல அடின்னு சொல்லுறாங்க. அப்பவே முடிவு பண்ணிட்டேன். இந்தச் சேத்துல இனி இவங்க நடக்கக்கூடாதுன்னு."

ஆட்களெல்லாம் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அது புதுச் செய்தி. இத்தனை வருஷமாக, ரோலர் ஓட்டியவரின் வீம்பு என்றுதான் அந்த ரோட்டை நான் நினைத்திருந்தேன். ஆனால் கணக்கு டீச்சர் அல்லவா, விடை தப்பாக இருந்தால் வாய் சும்மா இருக்காது.

"சேத்துல விழுகலைங்க. செருப்பு வாரு அறுந்துருச்சு. அதுல தடுக்கி விழுந்தேன்."

"என்னது?"

"அன்னைக்கு மழையே இல்ல. பஸ் ஸ்டாப்புல, பஞ்சாயத்துத் தார் ரோட்டுலதான் விழுந்தேன்."

மேஸ்திரியம்மாவுக்குத் தேத்தண்ணி புரையேறியது.

"நீ சொல்லவே இல்லையே!"

"கார்டுல காசு முடிஞ்சு போன் கட்டாயிருச்சு. அப்புறம் நீங்க செருப்பப் பத்திக் கேக்கவே இல்ல."

இவர் கேட்டிலிருந்து போர்டிகோ வரைக்கும் ரோட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "ஒரு செருப்போட முடிஞ்சிருக்க வேண்டியது" என்றார். முதலில் சிரித்தவரும் அவர்தான். அடுப்பில் தார் பொங்கியதைக்கூட யாரும் கவனிக்காமல் சிரித்துக்கொண்டிருந்தோம். அன்று சாயங்காலம் நான் அவருக்கு மட்டும் தனியாக ஒரு காபி போட்டுக் கொடுத்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

ஓரத்துக்கு ஒரு தீர்வு வேண்டியிருந்தது. தார் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பிடிமானம் இல்லாவிட்டால் ஓரம் உதிர்ந்துகொண்டேதான் இருக்கும், கல் புதைத்து அணைகட்ட வேண்டும் என்றார் மேஸ்திரியம்மா. கல் என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் இவரைப் பார்த்தேன். இவர் போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"மாப்ள... ஓரத்துக்கு மட்டும். சாம்பல் கலர்."

தம்பி ஒரு மணி நேரத்தில் லாரியோடு வந்தான். கல்லுக்கு மேலே ஒரு மாலை. முன் சீட்டில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம். "பொண்ணு கேட்டு வந்தப்பக்கூட மச்சான் இம்புட்டுத் தயங்கல" என்று மேஸ்திரியம்மாவிடம் சொல்லிக்கொண்டே இறங்கினான். வளைவைப் பார்த்ததும் நின்றுவிட்டான். "இது என்னக்கா, கொண்டை ஊசி வளைவா? 'ஹாரன் அடிக்கவும்'னு போர்டு வைக்கலாமா?" இவர் பல்லைக் கடித்துக்கொண்டு கல்லை எண்ணுகிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

கடைசி ஒட்டை இவரே இடிப்பேன் என்று திமிசுக்கட்டையை வாங்கினார். அந்தக் காலத்தில் நான் எவ்வளவு என்று ஆரம்பித்தார். கொஞ்சம் இடித்ததுமே பேச்சு நின்றது. இன்னும் கொஞ்சம் இடித்ததும் கட்டையும் நின்றது. அடுத்த இரண்டு நாள் குப்புறப் படுத்துத் தைலம் தடவச் சொன்னார். அந்த ஒட்டு மட்டும் மற்றதைவிட ஒரு விரல் உயரமாக இருக்கிறது. அது யார் இடித்தது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

காருக்கு அதற்குப் பிறகு உள்ளே இடமில்லை. கேட்டுக்கு வெளியே, வேலியோரப் புதர் மறைவில், அடியில் ஒரு தகரத் தட்டை வைத்துக்கொண்டு நிற்கிறது. ரோடு போட்டவர் கேட்டில் இறங்கி, சொந்த ரோட்டில் வீட்டுக்கு நடந்து வருகிறார்.

பொங்கல் கழிந்து மதினி குடும்பத்தோடு வந்தார். மாப்பிள்ளை அதே காரில் வந்தார். இவர் காலையிலிருந்தே ரோட்டைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வளைவுக்குப் பக்கத்தில் நின்றார். கார் திரும்பியது, வளைந்தது, சத்தமில்லாமல் போர்டிகோவில் வந்து நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். பிள்ளைகள் ஓடின. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, வழியில் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் எவ்வளவு கூட்டம் என்று பேசிக்கொண்டே உள்ளே போனார். ரோட்டைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

இவர் சாப்பாட்டுக்கு முன்னால் ஒருமுறை முயன்றார். "வண்டி எப்புடி மாப்ள வந்துச்சு?"

"சூப்பர் மாமா. நல்லா மைலேஜ் குடுக்குது."

சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு முறை. "வர்ற வழியில ஒண்ணும் செரமம் இல்லையே?"

"இல்ல மாமா. கீரனூருகிட்ட மட்டும் கொஞ்சம் டிராஃபிக்."

மதினியிடம் நேராகவே கேட்டுவிட்டார். "அக்கா, வாசல் பக்கம் என்ன மாறியிருக்கு, சொல்லு பாப்போம்?"

மதினி எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "கார வித்துப்புட்டியா தம்பி? நல்ல காரியம்" என்றார்.

அவர்கள் போன பிறகு இவர் போர்டிகோப் படியில் உட்கார்ந்திருந்தார். சாயங்கால வெயிலில் தார் மினுமினுவென்று கிடந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ரோடு நல்லாருக்குங்க" என்றேன்.

"சும்மா சொல்லாத."

"சும்மா ஒண்ணும் சொல்லல. அவங்க யாரும் குனிஞ்சு பாக்கவே இல்ல, கவனிச்சீங்களா?"

அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கேட்டைச் சாத்துவதற்காக நடந்தார். போகும்போது மாப்பிள்ளையே கேட்டைச் சாத்திவிட்டுத்தான் போயிருந்தார், அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வளைவு வரைக்கும் நிமிர்ந்து, ரோட்டின் நடுவில்தான் நடந்தார்.